குச்சி எகிறுகிறது, விசிறி நிற்கிறது: வீட்டில் செய்த ஸ்டிர் பிளேட்டைச் சரிசெய்வது எப்படி?

ஜோஹானஸ்பர்க் அருகே உள்ள லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பழைய கணினியில் கழற்றிய விசிறி, இரண்டு காந்தங்கள், ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு ஆகியவற்றைக் கொண்டு, பீருக்கு ஈஸ்ட் வளர்க்கும் ஸ்டிர் பிளேட் ஒன்றைச் செய்திருக்கிறார்; கீழே காந்தம் சுழல, மேலே குடுவைக்குள் கிடக்கும் காந்தக் குச்சி கூடவே சுழன்று திரவத்தைக் கலக்கும் தட்டு அது. வேகத்தைக் கூட்டினால் குடுவைக்குள் இருக்கும் காந்தக் குச்சி எகிறி ஓரமாகப் போய்க் கிடக்கிறது. குறைத்தால் விசிறியே நின்றுவிடுகிறது. லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து மின்சாரம் திரும்பினாலும் அது தானாகச் சுழலத் தொடங்குவதில்லை. போதாக்குறைக்குக் கீச்சென்று ஒரு சத்தம் வேறு. இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது ஆய்வகங்களில் பயன்படுத்தும் கருவியையே வாங்கிவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

சரிசெய்ய முடியும் தம்பி, பெரிய செலவும் ஆகாது. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வேகத்தைத் துரத்துகிறார்கள். குடுவையின் அடிவரை இறங்கும் ஒரு சுழியைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கு மனம் நிறைகிறது. ஈஸ்டுக்கு அந்தச் சுழி தேவையே இல்லை. அது அடியில் படியாமல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். அது வெளியிடும் கரியமில வாயு கரைசலை விட்டு வெளியேற வேண்டும். மேற்பரப்பின் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே வர வேண்டும். மேற்பரப்பின் நடுவில் ஒரு சிறு குழி விழுந்தாலே இவை அனைத்தும் நடந்துவிடும். இதை ஏற்றுக்கொண்டால் உங்கள் கோளாறுகளில் பாதி தானாக விலகிவிடும். மீதியில் பெரும்பகுதி, காந்தங்களை எப்படி ஒட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்சுற்றைக் கடைசியாகத் தொட்டால் போதும்.

தென்னாப்பிரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தக் கருவி வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. திரவ ஈஸ்ட் வகைகளில் பெரும்பாலானவை கடல் கடந்து வருகின்றன. நம் கைக்கு வந்து சேர்வதற்குள் அவற்றுக்கு வயதாகிவிடுகிறது. பீராக மாறப்போகும் மால்ட் (முளைகட்டிய தானியம்) கரைசலின் சர்க்கரைச் செறிவைப் பிளேட்டோ என்ற அளவில் சொல்வார்கள்; 1.048 தொடக்க அடர்த்தி உள்ள கரைசல் ஏறத்தாழ 12 பிளேட்டோ. ஏல் பீருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோவுக்கு 7.5 லட்சம் செல்கள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 20 லிட்டருக்கு 18,000 கோடி செல்கள் வேண்டும். ஒரு பொட்டலத்தில் புதிதாக இருக்கும்போது சுமார் 10,000 கோடி இருக்கும் என்பார்கள். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு இறந்துபோவதாக வைத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் பாதிதான் மிஞ்சும். நெல்லை நேரே வயலில் இறைக்காமல் நாற்றங்காலில் வளர்த்து நடுகிறோமே, அந்த வேலைதான் ஸ்டார்ட்டர் எனப்படும் சிறு ஈஸ்ட் வளர்ப்புக் கரைசலுக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் பொடி என்ற அளவில் கலந்து கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதில் ஈஸ்டை விட்டுப் பெருக்கிக்கொள்கிறோம். நீங்கள் பயன்படுத்துவது உலர் ஈஸ்ட் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். உலர் ஈஸ்டை அப்படியே பயன்படுத்தலாம். செல்கள் போதாது என்று தோன்றினால் இன்னொரு பொட்டலம் பிரிப்பதே மலிவு.

இனி சோதனைக்கு வருவோம். ஈஸ்டையும் மால்டையும் அருகிலேயே கொண்டுவராதீர்கள். வெறும் தண்ணீர் போதும். புரட்டாசியில் விரதம் இருக்கும் வீடு உங்களுடையது என்றால் அந்த மாதமே இதற்குத் தோதானது. மதுவைத் தொடாத அந்த வாரங்களில் கருவியைத் தண்ணீரிலேயே சீராக்கிவிட்டால், டிசம்பர் பிராய்க்கு (தணலில் இறைச்சி வாட்டும் விருந்துக்கு) வேண்டிய பீரைப் பதற்றமில்லாமல் காய்ச்சலாம். சோதனையை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் குடுவையே இல்லாமல் விசிறியை மட்டும் ஓட்டுங்கள். பிறகு குடுவையில் அரை லிட்டர் தண்ணீரும் குச்சியும். கடைசியாக, ஸ்டார்ட்டருக்கு நீங்கள் பயன்படுத்தப்போகும் முழு அளவுத் தண்ணீர். கோளாறு எந்தப் படியில் தலைகாட்டுகிறதோ, காரணமும் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்பது கடைசிவரை தெரியாது.

முதல் படியிலேயே விசிறி திணறினாலோ, இரு பக்கமும் அசைந்து அசைந்து நின்றாலோ, நீங்கள் ஒட்டிய காந்தங்களைச் சந்தேகியுங்கள். கணினி விசிறியின் இறக்கைகள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்துக்குள் ஏற்கெனவே ஒரு காந்த வளையம் இருக்கிறது. அது எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஹால் உணரி என்ற சிறு உறுப்பு அறிந்து, சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. நீங்கள் மேலே ஒட்டிய நியோடிமியம் காந்தம் வலுவானதாக இருந்தால், அதன் புலம் கீழிறங்கி அந்த உணரியைக் குழப்பிவிடும். இதற்குத் தீர்வு எளிது. நடுக்குடத்துக்கும் காந்தங்களுக்கும் இடையில் ஓர் இரும்பு வாஷரை வையுங்கள். அது கீழ்நோக்கிப் போகும் புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும்; மேல்பக்க இழுவையும் கூடும். வாஷர் நடுக்குடத்தின் நடுவில் சரியாக உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அடுத்தது துருவம். இரண்டு காந்தங்களில் ஒன்றின் வடதுருவமும் மற்றொன்றின் தென்துருவமும் மேல்நோக்கி இருக்க வேண்டும். மூன்றாவது காந்தம் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் ஒரே முகத்தை இரண்டுக்கும் மேலே காட்டிப் பாருங்கள். ஒன்று இழுக்க வேண்டும், இன்னொன்று தள்ள வேண்டும். இரண்டுமே இழுத்தால் துருவம் தவறு. குச்சியின் இரு முனைகளையும் அவற்றால் ஒருசேரப் பிடித்துவைக்க முடியாது. குச்சி எகிறுவதாக வரும் புகார்கள் பலவற்றின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. அதனால் உங்கள் கருவியில் முதலில் இதைப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

துருவம் சரியாக இருந்தால் இடைவெளியை அளந்து பாருங்கள். 25 மி.மீ. குச்சிக்கு, காந்தங்களின் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 20 மி.மீ. இருந்தால் நன்றாகப் பிடிக்கும். குச்சியின் முனைகள் காந்தங்களுக்கு நேர் மேலே வர வேண்டும் என்பதுதான் கணக்கு. 50 மி.மீ. குச்சியை வாங்கிவிட்டுக் காந்தங்களை நெருக்கமாகவே விட்டிருந்தால் பிடிமானம் இருக்காது. பழைய வன்தட்டைப் பிரித்தெடுத்த வளைந்த காந்தம் உங்களிடம் இருந்தால் அது ஒன்றே போதும். அதன் ஒரே முகத்தில் ஒரு பாதி வடக்கும் மறுபாதி தெற்குமாக இருக்கும்; இரண்டும் சந்திக்கும் கோடு விசிறியின் மையத்தில் விழும்படி வைத்தால் வேலை முடிந்தது.

சமநிலை இன்னொரு விஷயம். ஒரு காந்தம் மையத்திலிருந்து 8 மி.மீ., மற்றொன்று 11 மி.மீ. தள்ளியிருந்தால் விசிறி ஆடும். அந்த ஆட்டம் குடுவையை நகர்த்தும். குடுவை நகர்ந்தால் குச்சி விலகும். நடுக்குடத்தின் அளவுக்கு ஒரு வட்டத் தாளை வெட்டி, இரண்டு முறை மடித்துப் பிரித்தால் மையம் கிடைக்கும். அந்தத் தாளை ஒட்டிவைத்து அளந்து, முதலில் சூட்டுப் பசையால் காந்தங்களைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஓட்டிப் பார்த்துத் திருப்தியானபின் எபாக்ஸி பசையால் நிரந்தரமாக்குங்கள். நொடியில் ஒட்டும் அவசரப் பசை (சூப்பர் க்ளூ) வேண்டாம். அது காய்ந்தால் நொறுங்கும் இயல்புடையது. ஓடும் விசிறியிலிருந்து காந்தம் பிய்ந்தால் இறக்கைகளை உடைத்துவிடும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்தக் காந்தங்களை எண்ணிவைத்துப் பூட்டுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளைச் சேர்த்துக் கவ்வி, சுவரையே துளைத்துவிடக்கூடும். அப்படி நடந்ததாகச் சிறு சந்தேகம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

காந்தத்துக்கும் குச்சிக்கும் நடுவே இருப்பவற்றை இப்போது கூட்டிப் பாருங்கள்: காந்தத்துக்கு மேலே காற்று இடைவெளி, பெட்டி மூடியின் கனம், குடுவை அடியின் கனம். காந்த இழுவை தூரத்தோடு மிக வேகமாகக் குறைவது. 2 மி.மீ. வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முடிவை மாற்றிவிடும். காந்தம் மூடியைத் தொடாமல் 2 அல்லது 3 மி.மீ. கீழே இருந்தால் போதும். இதைத் துல்லியமாக அமைக்க, விசிறியைப் பெட்டியின் அடியில் ஒட்டாதீர்கள். மூடியிலிருந்தே நான்கு நீளமான திருகாணிகளில் தொங்கவிடுங்கள். 80 மி.மீ. விசிறியில் துளைகளுக்கு இடையே 71.5 மி.மீ., 120 மி.மீ. விசிறியில் 105 மி.மீ. இருக்கும். அந்த அளவில் மூடியைத் துளைத்து, நட்டுகளைத் திருகித் திருகி உயரத்தைச் சரிசெய்யலாம். மிக அதிகமாக நெருக்கிவிட்டால் குச்சி கண்ணாடியில் அழுந்தி உராயும், அதுவும் நல்லதன்று. மூடி பிளாஸ்டிக், மரம், அக்ரிலிக் எதுவாகவும் இருக்கலாம். இரும்புத் தகடு காந்தப் புலத்தை விழுங்கிவிடும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதன் கீழே காந்தம் சுழலும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, விசிறிக்கே தடை போடும்.

குடுவைக்கு வருவோம். தட்டையான அடி உள்ள கூம்புக் குடுவையில் சீராகச் சுழலும் குச்சி, ஊறுகாய் ஜாடியில் நிற்காது. ஜாடிகளின் அடிக்கண்ணாடி நடுவில் மேடாக இருக்கும். மேட்டின்மேல் வைத்த குச்சி ஏதாவது ஒரு பக்கம் சரியத்தான் செய்யும். ஒரு அளவுகோலின் விளிம்பை உள்ளே விட்டு அடியில் நிறுத்திப் பார்த்தால் மேடு தெரிந்துவிடும். லேசான மேடு என்றால், நடுவில் வளையம் உள்ள குச்சிக்குப் பதிலாக வளையமில்லாத வழுவழுப்பான குச்சி ஒன்றையும் அதே குடுவையில் முயன்று பாருங்கள். எது ஒத்துப்போகும் என்பது கண்ணாடியைப் பொறுத்தது. ஜாடிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் வகை அல்லாத சாதாரணக் கண்ணாடியை அடுப்பில் வைத்தாலும், அதில் கொதிக்கும் திரவத்தை ஊற்றினாலும் வெடிக்கும். ஜாடிதான் கைவசம் இருக்கிறது என்றால் மால்டைப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் கிருமி நீக்கிய ஜாடிக்கு மாற்றுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் வேகம் கூடும்போது குச்சி எகிறுகிறது என்றால், அது இயற்பியல், கோளாறு அன்று. திரவம் கொடுக்கும் தடை, வேகத்தின் இருமடியை ஒட்டி உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. காந்தம் முன்னே ஓட, குச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, ஓர் எல்லைக்குமேல் பிடி விட்டுப்போகிறது. திருகைச் சட்டென்று திருப்பினாலும் இதே கதைதான். குச்சி நடுவில் நிற்கும்படி குடுவையை வைத்து, திருகை மெல்ல மெல்லக் கூட்டி, மேற்பரப்பில் சிறு குழி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் திருகின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். மூடியின்மேல் குடுவையின் அடிவட்டத்தை வரைந்து, அந்தக் கோட்டை ஒட்டி நான்கு சிறு ரப்பர் துண்டுகளை ஒட்டினால் இரவில் குடுவை நகர்ந்துபோகாது.

இப்போது மின்சாரம். குறைந்த வேகத்தில் விசிறி நின்றுவிடுவதும், லோட் ஷெடிங்குக்குப் பின் தானாகத் தொடங்காததும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். 12 வோல்ட் விசிறி ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்க, பொதுவாக 5 முதல் 7 வோல்ட் வரை தேவைப்படும். ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் அதைவிடக் குறைந்த வோல்ட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வேகமாகத் தொடங்கி, பிறகு 4 வோல்ட்டுக்குக் குறைத்து விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்த 4 வோல்ட்டால் நின்ற விசிறியை அசைக்க முடிவதில்லை. விசிறி எந்தத் திருகு நிலையில் தானாகத் தொடங்குகிறது என்பதைக் கண்டறிந்து, அதைக் குறித்துவைத்து, அதற்குக் கீழே ஒருபோதும் இறக்காதீர்கள். அந்த நிலையிலும் வேகம் அதிகமாக இருக்கிறது என்றால் விசிறியை மாற்றுவதே நேர்வழி. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும் சிறிய விசிறியைவிட, 1,200 சுற்றுகள் சுழலும் 120 மி.மீ. விசிறி இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. அதை ஏறத்தாழ முழு வோல்ட்டிலேயே ஓட்டலாம். தொடங்காத பிரச்சினையே எழாது.

லோட் ஷெடிங்கையே கடந்துவிட இன்னொரு வழி உண்டு. அநேகமாக அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வைஃபை ரவுட்டருக்காகப் பலரும் வாங்கிய சிறு யுபிஎஸ் பெட்டிதான் அது. அவற்றில் பல 12 வோல்ட் நேர்மின்சாரம் தருபவை; விசிறிக்கு வேண்டியதும் அதுதான். மேலே 8,800 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது பொதுவாக உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கான கணக்கு; பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட் மணி. உங்கள் விசிறி எடுப்பது 2 வாட் என்று வைத்துக்கொண்டால், வழியில் ஏற்படும் இழப்பு போகவும் 10 மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு மணி நேர வெட்டு, நான்கு மணி நேர வெட்டு எதுவானாலும் தாங்கும். யுபிஎஸ் இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். சில மணி நேரம் சுழலாமல் கிடந்தால் ஈஸ்ட் அடியில் படியும், அவ்வளவுதான். குடுவையைக் கையில் எடுத்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டு மறுபடி வையுங்கள். வளர்ச்சி கொஞ்சம் தாமதமாகும். ஈஸ்ட் ஒன்றும் வீணாகாது.

நம்மூர் சுவர்ப் பிளக்குகளையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். மூன்று உருண்டைக் கம்பிகள் உள்ள பெரிய சாக்கெட்டில் ஒரு மாற்றி, அதற்குமேல் இன்னொரு மாற்றி, அதில் இரண்டு கம்பி அடாப்டர் என்று அடுக்கியிருந்தால் அது எந்நேரமும் லேசாகத் தளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நொடி தொடர்பு அறுந்தாலும், குறைந்த வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த விசிறி நின்றுவிடும். காலையில் பார்க்கும்போது மின்சாரம் இருக்கும், விசிறி ஓடாது. காரணம் புரியாமல் மின்சுற்றைப் பிரித்துக்கொண்டிருப்போம். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சில பழைய அடாப்டர்கள் 12 வோல்ட் மாறுமின்சாரம் தருபவை. அவற்றில் இந்த விசிறி ஓடாது. கனமான மின்மாற்றி வைத்த பழைய வகை அடாப்டர்கள், சுமை குறைவாக இருக்கும்போது 12 என்று எழுதியிருந்தாலும் 16 வோல்ட்வரைகூடத் தரும். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கம்பிகளின் நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று கம்பி விசிறியில் சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை; மஞ்சள் வேகத்தைத் தெரிவிக்கும் கம்பி, அதை விட்டுவிடலாம். நான்கு கம்பி விசிறிகளில் பரவலாக உள்ள வழக்கப்படி மஞ்சள்தான் 12 வோல்ட், கறுப்பு எதிர்முனை, பச்சை வேகத்தைத் தெரிவிப்பது, நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மூன்று கம்பிப் பழக்கத்தில் நான்கு கம்பி விசிறியை இணைப்பவர்கள் அது செத்துவிட்டது என்று முடிவுகட்டி வீசிவிடுகிறார்கள். அதில் நீலக் கம்பியை எதிலும் இணைக்காமல் விட்டால் விசிறி முழு வேகத்தில் ஓடும்; அது அதன் இயல்பு.

வேகத் திருகு எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. விசிறிக்குப் போகும் கம்பியிலேயே ஒரு மாறு மின்தடையைத் தொடராக வைத்திருந்தால், அது சூடாகி ஒருநாள் கருகும். விசிறி 0.15 ஆம்பியர் எடுக்கும்போது 40 ஓம் மின்தடையில் 0.9 வாட் வெப்பம் உண்டாகிறது. ரேடியோக்களில் ஒலியைக் கூட்டப் பயன்படும் சிறிய திருகுகள் அதில் பாதியைக்கூடத் தாங்காது. எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கியை வைத்துச் செய்திருந்தால் நல்லது. ஆனால் அதற்குத் தன் பங்காக 2 வோல்ட்வரை தேவை, ஆகவே 12 உள்ளே கொடுத்தால் வெளியே அதிகபட்சம் 10 கிடைக்கும்; விசிறி முழு வேகத்தை எட்டவில்லை என்று வருந்த வேண்டாம். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் கால்கள் இடமிருந்து வலமாக: சரிசெய்யும் கால், வெளியீடு, உள்ளீடு. இதை மாற்றி இணைப்பது அடிக்கடி நடக்கும். 240 ஓம் மின்தடையோடு 5,000 ஓம் திருகைப் போட்டிருந்தால், பயனுள்ள வீச்சு முழுவதும் திருகின் முதல் மூன்றில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். மீதித் திருப்பத்தில் எதுவும் மாறாது. வேகத்தை நுணுக்கமாக வைக்க முடியவில்லை என்பவர்கள் 2,000 ஓம் திருகுக்கு மாறினால் அந்தத் தொல்லை தீரும். சீராக்கியின் முதுகில் ஒரு சிறு உலோகத் தகட்டைத் திருகி, பெட்டியின் பக்கங்களில் சில காற்றுத் துளைகளும் இட்டுவிடுங்கள்.

கீச்சொலியின் மூலத்தைப் பிடிப்பது கடினமன்று. குடுவையைத் தூக்குங்கள். சத்தம் நின்றால் அது குச்சி கண்ணாடியில் அடிக்கும் ஒலி. வேகத்தைக் குறைத்தாலோ குச்சியை மாற்றினாலோ அடங்கும். நிற்கவில்லை என்றால் விசிறியை அடாப்டரில் நேராக இணையுங்கள். அப்போது மறைந்தால் குற்றம் வேகக் கட்டுப்பாட்டின் பக்கம். துடிப்பு முறையில் வேகத்தைக் குறைக்கும் மலிவான கட்டுப்பாட்டுப் பலகைகள், காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணில் மின்சாரத்தை அணைத்து அணைத்துப் போடுகின்றன. இரண்டு, மூன்று கம்பி விசிறிகளின் உள்மின்சுற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, கீச்சிடும், திணறும். இந்த முறை நான்கு கம்பி விசிறியின் நீலக் கம்பிக்குத்தான் பொருந்தும், அதுவும் 25,000 ஹெர்ட்ஸ் அளவில். உங்கள் விவரிப்பைப் படித்தால் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பலகையை எடுத்துவிட்டு எல்எம்317 போடுங்கள், அல்லது வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறிய ஆயத்தப் பலகை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நேராக 12 வோல்ட் கொடுத்தும் கரகரத்தால் தாங்கி தேய்ந்துவிட்டது; விசிறியின் காலம் முடிந்தது.

தட்டு சீராகிவிட்டால் மற்றவை சிறு விஷயங்கள். குடுவையின் வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். காற்றுப்பூட்டு வைத்தால் ஆக்சிஜன் உள்ளே வர வழியில்லை. லெனேசியா உயரமான இடம். அங்கே தண்ணீர் 95 பாகைக்குச் சற்று முன்பாகவே கொதித்துவிடும். உடனே பயன்படுத்தப்போகும் மால்டுக்கு 15 நிமிடக் கொதிப்பு போதும். மீதியை அறை வெப்பத்தில் பாட்டிலில் எடுத்துவைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பிரஷர் கேனர் (பாட்டிலில் அடைத்ததை உயர் அழுத்தத்தில் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாத்திரம்) கட்டாயம். கொதிக்கவைத்ததை அப்படியே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தான பாட்டுலினம் நச்சு உருவாக இடமுண்டு. பொங்கி வழிந்தால், குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்கு மருந்துக்கடையில் தரும் சைமெத்திகோன் சொட்டு மருந்தில் இரண்டு துளி நுரையை அமுக்கிவிடும். வெப்பம் 20 முதல் 25 பாகைக்குள் இருக்கட்டும். டர்பனில் எங்களுக்கு ஜனவரி வெக்கைதான் கவலை. அதற்குமேல் போனால் ஈஸ்ட் சாகாது, ஆனால் கிருமி நுழைந்திருந்தால் அதற்கும் கொண்டாட்டம். உங்களுக்கு ஜூலைக் குளிர் கவலை. தட்டோடு குடுவையைக் கூலர் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்றை வைத்துவிடுங்கள்.

பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை நாளில் கரைசல் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு வெளுத்துவிடும். பிறகு ஒரு நாளாவது குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈஸ்ட் படிந்தபின் மேலே நிற்கும் திரவத்தை வடித்துவிடுங்கள். வடிக்கும்போது ஒரு காந்தத்தைக் குடுவையின் வெளிப்பக்கம் வைத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீறி அது பீர் வாளிக்குள் விழுந்தாலும் கெடுதல் ஒன்றுமில்லை. கிருமி நீக்கிய டெஃப்லான் உறைதானே, பாட்டிலில் அடைத்தபின் எடுத்துக்கொள்ளலாம். உறையில் விரிசல் விட்டு உள்ளே துரு தெரிந்தால் மட்டும் அந்தக் குச்சியைத் தூக்கி எறியுங்கள்.

ஆய்வகக் கருவியைப் பற்றிக் கேட்டீர்கள். சூடேற்றும் வசதியோடு வரும் அந்தக் கருவிகள் நல்லவைதான், ஆனால் அவற்றிலும் அடி மேடான ஜாடியில் குச்சி எகிறத்தான் செய்யும். முதலில் காந்தங்களின் துருவத்தைப் பாருங்கள், அடுத்து இடைவெளி, அதற்கடுத்து அந்தக் கட்டுப்பாட்டுப் பலகை. மூன்றையும் செய்தபின்னும் அடங்கவில்லை என்றால், விசிறியில் எத்தனை கம்பி, குச்சி எவ்வளவு நீளம், குடுவையின் அடி எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள் தம்பி, சேர்ந்து பார்ப்போம்.